பதின்வயதுப் பிள்ளையோடு பாய்மரப் படகில் ஒரு வாரம்: பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

வீட்டில் பதிமூன்றிலிருந்து பதினெட்டு வயதுக்குள் ஒரு பிள்ளை இருக்கிறது, அதோடு ஒரு வாரமாவது கடலில் தீவு தீவாகப் போய்வர வேண்டும் என்று ஆசையும் இருக்கிறது, ஆனால் பாய்மரப் படகு பற்றி ஒன்றும் தெரியாது என்றால் இதைப் படியுங்கள். அமெரிக்காவிலோ கனடாவிலோ இருக்கிற பெற்றோரை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் அங்கிருந்து போவதுதான் சுலபம். மற்ற ஊர்க்காரர்களுக்கும் பயணப் பகுதி தவிர எல்லாம் பொருந்தும்.

இடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கரீபியனில் பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகள். போர்ட்டோ ரிக்கோவுக்குக் கிழக்கே, அமெரிக்க வர்ஜின் தீவுகளை ஒட்டி, பிரிட்டனின் ஆட்சியில் இருக்கும் பகுதி. சின்னதும் பெரியதுமாக ஏறத்தாழ 60 தீவுகளும் திட்டுகளும் உண்டு. டார்ட்டோலா, வர்ஜின் கோர்டா, அனேகடா, யோஸ்ட் வான் டைக் நான்கும் பெரியவை, தலைநகரம் டார்ட்டோலாவில் இருக்கும் ரோட் டவுன், புழங்குவது அமெரிக்க டாலர். இந்தத் தீவுகளில் பெரும்பாலானவை சர் ஃபிரான்சிஸ் டிரேக் சேனல் என்ற கடற்பரப்பின் இரண்டு பக்கமும் வரிசையாக நிற்கின்றன. அதனால் நடுவில் உள்ள கடலுக்குத் திறந்த சமுத்திரத்தின் பேரலை வருவதில்லை, காற்று மட்டும் வருகிறது. ஒரு தீவில் நின்றால் அடுத்த தீவு கண்ணுக்குத் தெரியும். ஒரு ஓட்டம் பெரும்பாலும் ஒரு மணி, இரண்டு மணி நேரம்தான். புதியவர்களுக்கு இதைவிட நல்ல கடல் அமைவது கஷ்டம். பதின்வயதுப் பிள்ளைக்கு இன்னும் நல்லது, ஏனென்றால் எட்டு மணி நேரம் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும் கட்டாயம் இங்கே இல்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இந்தப் பயணம் நன்றாக அமைவது படகின் விலையாலோ கடற்கரையின் அழகாலோ இல்லை. பிள்ளைக்குப் படகில் நிஜமான வேலை இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அது செய்யாவிட்டால் படகு நகராது, அல்லது ராத்திரி சாப்பாடு கிடையாது என்கிற அளவுக்கு நிஜமான வேலை. கீழே சொல்கிற எல்லா முடிவையும் இதை வைத்தே எடுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் பிள்ளையோடு உட்காருங்கள்

படகை முடிவு செய்து, டிக்கெட் வாங்கி, அப்புறம் "உனக்கு ஒரு சர்ப்ரைஸ்" என்று சொல்வது ஆறு வயதுக் குழந்தைக்குச் சரி. பதினைந்து வயதுக்கு அது வேண்டாம். தீவுகளின் வரைபடத்தை மேசையில் விரித்து வையுங்கள். ஒவ்வொரு இடத்திலும் என்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்து, தான் கட்டாயம் பார்க்க வேண்டிய இரண்டு இடங்களை அது சொல்லட்டும். அந்த இரண்டையும் திட்டத்திலிருந்து எடுக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுங்கள், காற்று தடுத்தால் மட்டும்தான் மாற்றம். "எனக்குப் போகவே பிடிக்கவில்லை" என்று சொன்னால் என்ன காரணம் என்று பொறுமையாகக் கேளுங்கள். பல சமயம் அது கடல் பயமாகவோ, வாந்தி வருமோ என்ற பயமாகவோ, ஒரு வாரம் நண்பர்களோடு பேச முடியாதே என்ற கவலையாகவோ இருக்கும். மூன்றுக்கும் வழி உண்டு.

நீச்சலை இப்போதே பேசிவிடுங்கள். நம் வீடுகளில் பிள்ளைக்கு நீச்சல் தெரியும், அப்பாவுக்கோ அம்மாவுக்கோ தெரியாது என்பது சாதாரணம். படகில் அது சரிவராது, ஏனென்றால் பிள்ளை தண்ணீரில் தடுமாறினால் பக்கத்தில் இருக்கப்போவது நீங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே பெரியவர்களுக்கான வகுப்பில் சேருங்கள். நீளமாக நீந்துவதைவிட, கால் எட்டாத ஆழத்தில் பத்து நிமிடம் மல்லாந்து மிதக்கத் தெரிவதும், பதறாமல் திரும்பி ஏணியைப் பிடிக்கத் தெரிவதும் முக்கியம். ஸ்நார்க்கெல் முகமூடியை வீட்டுக்குப் பக்கத்து நீச்சல் குளத்திலேயே போட்டு, உள்ளே தண்ணீர் புகுந்தால் எப்படி வெளியேற்றுவது என்று இருவரும் பழகிக்கொள்ளுங்கள். அப்படியும் கடலில் ஊதும் மிதவைச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நன்றாக நீந்துகிறவர்களும் போடுகிறார்கள்.

எப்போது போவது

டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை முக்கிய சீசன். மழை குறைவு, கொண்டல் காற்று நாள் தவறாமல் 15 முதல் 20 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) வீசும், வாடகையும் உச்சத்தில் இருக்கும். கிறிஸ்துமஸை ஒட்டிய வாரங்களில் காற்று 25 நாட்டைத் தாண்டி நாள்கணக்கில் அடிப்பது உண்டு, அந்த ஊர்க்காரர்கள் அதற்குக் கிறிஸ்துமஸ் காற்று என்றே பேர் வைத்திருக்கிறார்கள். முதல்முறை போகிறவர்களுக்கு அந்த வாரம் வேண்டாம் என்பது என் கருத்து. குளிர்காலத்தில் வட அட்லாண்டிக் புயல்களால் வடக்கிலிருந்து பெரிய அலைவீச்சு வந்து சேரும். அந்த நாட்களில் வடக்கு பார்த்த விரிகுடாக்களில் படகு ராத்திரி முழுக்க ஆடிக்கொண்டே இருக்கும்.

ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிக் காலம். ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் வரை போகவே போகாதீர்கள். 2017 செப்டம்பர் 6 அன்று இர்மா சூறாவளி இந்தத் தீவுகளைத் தாக்கியபோது நூற்றுக்கணக்கான படகுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து நாசமாயின, ஊர் மீண்டு வர ஆண்டுகள் ஆயின. பள்ளி விடுமுறையைப் பார்த்தால் மார்ச், ஏப்ரல் மாத வசந்த விடுமுறையும் ஜூன் மாதமும் நல்ல தேர்வு. ஜூனில் வாடகை குறையும், காற்றும் சற்று மென்மையாக இருக்கும், வெயில் கூடும், கிழக்கு பார்த்த கரைகளில் சர்காசம் பாசி ஒதுங்கலாம். ஜூனில் போவதானால் சூறாவளியால் பயணம் ரத்தானால் என்ன ஆகும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு, பயணக் காப்பீடும் எடுத்துவிடுங்கள்.

தாள்கள்

இது சலிப்பான பகுதி, ஆனால் இதில் சறுக்கினால் விமானமே ஏற முடியாது. அமெரிக்க வர்ஜின் தீவுகளும் பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் வெவ்வேறு நாடு. போகும்போதும் வரும்போதும் கடவுச்சீட்டு வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் விசா தேவையா என்பதை அந்தத் தீவுகளின் குடிவரவுத் துறையிடமே நேரடியாகக் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எச்-1பி, எச்-4 விசாவில் இருப்பவர்கள் கவனமாகப் படியுங்கள். கடவுச்சீட்டில் இருக்கும் விசா முத்திரை காலாவதியாகியிருந்தாலும் கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் 30 நாளுக்குள் போய்த் திரும்பலாம் என்ற சலுகை உண்டல்லவா, உங்கள் விசா வகைக்கு அந்தச் சலுகை கரீபியன் தீவுகளுக்குக் கிடையாது. செல்லுபடியாகும் முத்திரை இல்லாமல் போனால் திரும்பி வருவது சிக்கலாகிவிடும். பசுமை அட்டை வைத்திருப்பவர்கள் அந்த அட்டையையே எடுத்துப்போக வேண்டும், நகல் போதாது.

அம்மாவோ அப்பாவோ ஒருவர் மட்டும் பிள்ளையோடு போவதாக இருந்தால், மற்றவர் சம்மதம் தெரிவித்து நோட்டரி முன் கையெழுத்திட்ட கடிதமும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் நகலும் இருக்கட்டும். கேட்காமலும் போகலாம். கேட்டால் கையில் இருக்க வேண்டும்.

போகிற வழி: டார்ட்டோலாவை ஒட்டிய பீஃப் தீவில் விமான நிலையம் இருக்கிறது, 2023 முதல் மயாமியிலிருந்து நேரடி விமானம் வருகிறது. இல்லாவிட்டால் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் வழியாகச் சிறு விமானத்தில் வரலாம், அல்லது அமெரிக்க வர்ஜின் தீவுகளில் ஒன்றான செயின்ட் தாமஸ் தீவுக்குப் பறந்து அங்கிருந்து ஃபெர்ரி பிடிக்கலாம், ஏறக்குறைய ஒரு மணி நேரம். அமெரிக்க விசா இல்லாதவர்கள் ஆன்டிகுவா அல்லது சின்ட் மார்ட்டன் வழியைப் பாருங்கள், ஏனென்றால் அமெரிக்க மண்ணில் விமானம் மாறுவதற்கும் விசா கேட்பார்கள்.

படகும் ஸ்கிப்பரும்

படகை மட்டும் வாடகைக்கு எடுத்து நீங்களே ஓட்டுவதற்கு பேர்போட் சார்ட்டர் என்று பெயர். உரிமம் கட்டாயமில்லை என்றாலும் வாடகை நிறுவனம் உங்கள் அனுபவத்தை எழுதிக் கேட்கும். இவ்வளவு பெரிய படகை ஓட்டியிருக்கிறீர்களா, நங்கூரம் போட்டிருக்கிறீர்களா என்றெல்லாம் பார்ப்பார்கள். புதியவர் என்றால் ஸ்கிப்பரோடு, அதாவது கூலிக்குப் படகை ஓட்டித் தருகிறவரோடு எடுங்கள், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. நாளுக்குச் சில நூறு டாலர் கூடுதல் செலவு, அவருக்கு ஒரு படுக்கை அறையும் மூன்று வேளைச் சாப்பாடும் கொடுக்க வேண்டும். பதிலுக்கு நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம். அதைவிட முக்கியமான லாபம் ஒன்று உண்டு. பதினைந்து வயதுப் பிள்ளை நம்மிடம் கற்றுக்கொள்ளாததை இன்னொரு ஆளிடம் மகிழ்ச்சியாகக் கற்றுக்கொள்ளும்.

ஆனால் எல்லா ஸ்கிப்பரும் கற்றுத்தர விரும்புகிறவர்கள் இல்லை, சிலர் விருந்தினரை உட்கார வைத்து ஓட்டிக் காட்டுவதற்கே பழகியவர்கள். முன்பதிவு செய்யும்போதே தெளிவாக எழுதுங்கள்: "எங்களுக்குப் பாய் ஏற்றவும் சுக்கான் பிடிக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும், பதின்வயதுப் பிள்ளை தினமும் படகை ஓட்ட வேண்டும், பொறுமையான ஆளாகக் கொடுங்கள்." முடிந்தால் கிளம்புவதற்கு முன் அவரோடு பத்து நிமிடம் வீடியோ அழைப்பில் பேசிவிடுங்கள், பிள்ளையும் பேசட்டும்.

கேட்டமரனா, ஒற்றை உடல் படகா? கேட்டமரன் என்பது இரட்டை உடல் படகு. அது சாயாது, இடம் தாராளம், வாந்தி குறைவு, விலை அதிகம். ஒற்றை உடல் படகு காற்றில் சாய்ந்து ஓடும், சுக்கானைப் பிடித்தால் காற்று கையில் தெரியும், கற்றுக்கொள்ள அதுவே மேல், வாடகையும் குறைவு. கடல் ஒத்துக்கொள்ளுமா என்று சந்தேகம் இருந்தால் 38 முதல் 42 அடி கேட்டமரன் எடுங்கள். பிள்ளைக்கு விளையாட்டில் ஆர்வம், துணிச்சல் உண்டு என்றால் 40 அடியை ஒட்டிய ஒற்றை உடல் படகு மூன்று பேருக்குப் போதும். எதை எடுத்தாலும் பிள்ளைக்குத் தனி அறை, சாத்திக்கொள்ளக் கதவு. இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

போவதற்கு முன்பே கொஞ்சம் கற்றுக்கொள்ள முடியுமானால் ரொம்ப நல்லது. அமெரிக்காவில் ஏ.எஸ்.ஏ. 101 என்ற அடிப்படைப் பாய்மர வகுப்பை ஏரி, விரிகுடா உள்ள ஊர்களிலெல்லாம் வார இறுதியில் நடத்துகிறார்கள், பதின்வயதினரைச் சேர்க்கும் பள்ளிகளும் நிறைய. இருவரும் ஒரே வகுப்பில் சேருங்கள். பிள்ளை உங்களைவிட வேகமாகப் பிடித்துக்கொள்ளும், அது அதற்கும் தெரியும். படகில் ஏறும்போது அந்தத் தன்னம்பிக்கை கூடவே வரும்.

வழித்தடம்: காற்றைப் பார்த்துப் போடுங்கள்

காற்று கிழக்கிலிருந்து வருகிறது. பாய்மரப் படகு நேராகக் காற்றுக்குள் போகாது, குறுக்கும் நெடுக்குமாக வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். எனவே முதல் பாதியில் சின்னச் சின்ன ஓட்டமாகக் கிழக்கே ஏறி, இரண்டாம் பாதியில் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு மேற்கே இறங்குவதுதான் வழக்கம்.

முதல் நாள் மதியம் ரோட் டவுனில் படகை வாங்கி, விளக்கங்கள் கேட்டு முடிக்கவே பிற்பகல் மூன்று மணி ஆகிவிடும். அன்றைக்கு சேனலைக் குறுக்கே கடந்து நார்மன் தீவு, அவ்வளவுதான். பைட் என்ற பெரிய விரிகுடாவில் அமைதியாக நிற்கலாம். அங்கே மிதக்கும் மதுக்கூடம் ஒன்று உண்டு, இரவில் சத்தம் வரும், தள்ளி இடம் பிடியுங்கள். மறுநாள் காலையில் பக்கத்திலேயே கடலிலிருந்து செங்குத்தாக எழும் இந்தியன்ஸ் பாறைகள், பிறகு நார்மன் தீவின் கடற்குகைகள். கடற்கொள்ளையர் புதையல் கதைகள் ஏராளமாக உள்ள இடம். முகமூடியோடு குகைக்குள் நீந்திப் போனால் வெளிச்சம் மங்கும் இடத்தில் பாறைச் சுவரெல்லாம் கடற்பஞ்சுகள் நிறம் நிறமாக ஒட்டியிருக்கும்.

அங்கிருந்து கூப்பர் தீவுக்குப் போகிற வழியில் சால்ட் தீவின் ஓரம் ரோன் என்ற பிரிட்டிஷ் தபால் கப்பல் மூழ்கிக் கிடக்கிறது. 1867 அக்டோபர் 29 அன்று சூறாவளியில் சிக்கி, திறந்த கடலுக்குத் தப்பப் பார்த்தபோது பாறையில் மோதி இரண்டாக உடைந்தது, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கப்பலின் பின்பகுதி ஆழம் குறைந்த இடத்தில் இருப்பதால், தண்ணீர் தெளிவாக உள்ள நாளில் மேலே மிதந்துகொண்டே அதைப் பார்க்கலாம். போவதற்கு முன்பே இந்தக் கதையைப் பிள்ளையைப் படித்துவிட்டு வந்து உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள்.

மூன்றாம் நாள் விடிந்ததும் கிளம்பி வர்ஜின் கோர்டாவின் பாத்ஸ். வீட்டளவு கிரானைட் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, நடுவில் கடல்நீர் புகுந்த அறைகள். தேசியப் பூங்கா என்பதால் பகல் மிதவைகள்தான் (நங்கூரம் போடாமல் படகைக் கட்டி நிறுத்துவதற்கு மிதக்கவிட்டிருப்பவை), ராத்திரி தங்க முடியாது. காலை ஒன்பது மணிக்கே மிதவைகள் நிரம்பிவிடும். டிங்கியை, அதாவது கரைக்குப் போய்வர வைத்திருக்கும் சின்ன என்ஜின் படகைக் கரையேற்ற அனுமதி இல்லை, கரைக்கு முன்னால் உள்ள கயிற்றில் கட்டிவிட்டு மீதியை நீந்த வேண்டும். கரையில் சிவப்புக் கொடி பறந்தால் இறங்காதீர்கள், அங்கே அலை பாறையில் மோதும் விதம் மோசமானது. மதியம் மேலே ஏறி நார்த் சவுண்ட் போய்விடுங்கள். சுற்றிலும் தீவும் பவளத்திட்டும் அடைத்த, குளம் மாதிரி அமைதியான இடம். இங்கே ஒரு நாள் முழுக்கப் படகை நகர்த்தாதீர்கள். நான்காம் நாள் எல்லோருக்கும் உடம்பு அசதியாகி, சின்ன விஷயத்துக்குச் சண்டை வரும் நேரம். சிறு பாய்ப் படகு, கயாக் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். பிள்ளை தனியாக ஒரு சின்னப் பாய்ப் படகை எடுத்து உங்கள் கண்ணெதிரே சுற்றி வர இதைவிடப் பாதுகாப்பான தண்ணீர் இல்லை.

ஐந்தாம் நாளுக்கு அனேகடா. மற்ற தீவுகள் எரிமலை வழி வந்த மலைகள், இது மட்டும் தட்டையான பவளச் சுண்ணாம்புத் தீவு, மிக உயர்ந்த இடமே எட்டு மீட்டரை ஒட்டித்தான். கரையை நெருங்கும்வரை தீவு தெரியாது, தென்னை மரங்கள்தான் முதலில் தெரியும். சுற்றிலும் ஹார்ஸ்ஷூ பவளத்திட்டு, நூற்றுக்கணக்கான கப்பல்களை விழுங்கியது. எனவே ஸ்கிப்பர் இருந்தால் மட்டும், வெயில் உச்சியில் இருந்து தண்ணீரின் நிறம் தெளிவாகத் தெரியும் நேரத்தில் போய்ச் சேருகிற மாதிரி, அலை குறைந்த நாளில் போங்கள். நார்த் சவுண்டிலிருந்து பதினைந்து கடல் மைல் அளவு, பயணத்திலேயே திறந்த கடலின் ஆட்டம் தெரியும் ஓட்டம் இதுதான். பூநாரைகள், அந்தத் தீவுக்கே உரிய பாறை இகுவானா என்ற பெரிய ஓணான், மாலையில் கடற்கரையில் சுட்டுத் தரும் லாப்ஸ்டர். லாப்ஸ்டர் வேண்டுமென்றால் பிற்பகலுக்குள் ரேடியோவிலோ போனிலோ சொல்லிவிட வேண்டும், அதைப் பிள்ளையின் பொறுப்பாக்குங்கள்.

மீதி சுலபம். காற்றோடு மேற்கே இறங்கி யோஸ்ட் வான் டைக், வெள்ளை மணல், பிறகு டார்ட்டோலாவின் தெற்குப் பக்கம் திரும்புதல். அனேகடாவைத் தவிர்த்தால் ஒரு நாள் மிச்சம், அதை எங்கே செலவிடலாம் என்று பிள்ளையிடம் விடுங்கள். எதிரே செயின்ட் ஜான் தீவு அழகாகத் தெரியும், ஆனால் அது அமெரிக்கா. குடிவரவுச் சடங்குகளைச் செய்யாமல் அங்கே நங்கூரம் போடக் கூடாது. இந்த ஒரு வாரத்துக்கு அதை மறந்துவிடுங்கள்.

முதல் நாளைத் தவிர எந்த நாளும் பிற்பகல் மூன்றுக்குள் நின்றுவிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவில் பாய் விரிப்பதை வாடகை நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. மேலும் மூரிங் மிதவைகள் மதியத்துக்குப் பிறகு தீர்ந்துவிடும். சில மிதவைகளை அன்று காலை ஏழு மணிக்குச் செயலியில் முன்பதிவு செய்யலாம், சரியாக ஏழுக்கு விரல் தயாராக இருக்க வேண்டும். இந்த வேலையில் பதின்வயதினரை நம்மால் மிஞ்ச முடியாது.

படகில் யாருக்கு என்ன வேலை

வழிகாட்டி வேலையைப் பிள்ளைக்குக் கொடுங்கள். முதல் நாள் இரவே மறுநாள் ஓட்டத்தின் திசை, தூரம், எவ்வளவு நேரம், எங்கே பாறை, மாற்று இடம் எது என்று அது வரைபடத்தைப் பார்த்துச் சொல்லும், ஸ்கிப்பர் சரிபார்ப்பார். செயலி இருக்கட்டும், காகித வரைபடமும் இருக்கட்டும். மிதவைக் குறிகளின் விதியையும் அதுவே சொல்லட்டும்: இங்கே கடலிலிருந்து துறைக்குள் நுழையும்போது சிவப்பு வலப்பக்கம். இந்தியா, இலங்கைக் கடலில் இதற்கு நேர் எதிர்.

அடுத்து மிதவையைப் பிடிப்பது. பெரும்பாலான குடும்பங்களில் கத்தல் தொடங்குவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். படகு காற்றை எதிர்த்து மெல்ல மிதவையை நெருங்கும். முன்பக்கம் நிற்கிறவர் கொக்கிக் கம்பால் மிதவையின் கயிற்றைத் தூக்கி, படகின் கயிற்றை அதன் வளையத்துக்குள் விட்டு, படகின் அதே பக்கத்தில் கயிறு கட்டுவதற்கு இருக்கும் கட்டையில் கட்ட வேண்டும். இடப்பக்கத்துக்கு ஒரு கயிறு, வலப்பக்கத்துக்கு ஒரு கயிறு, தனித்தனியாக. ஒரே கயிற்றை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் இழுத்துக் கட்டினால் ராத்திரி முழுக்க உரசி அறுந்துவிடும். முன்னால் நிற்கிறவருக்கு என்ஜின் சத்தத்தில் பின்னால் பேசுவது கேட்காது, சுக்கான் பிடிக்கிறவருக்குக் கடைசிப் பத்தடியில் மிதவையே கண்ணில் படாது. எனவே முன்னே, பின்னே, இடது, வலது, நில், கட்டியாயிற்று என்று ஆறு கைச் சைகைகளைக் கரையிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வாய் திறக்கக் கூடாது என்பதே விதி. முதல் தடவை தவறினால் சுற்றி வந்து மறுபடி பிடிக்கலாம், யாருக்கும் அவசரமில்லை. கயிற்றுக்கும் கட்டைக்கும் நடுவில் விரல் போகக் கூடாது, பத்து டன் படகைக் கையால் இழுத்து நிறுத்த முயலவும் கூடாது. விட்டுவிடு என்றால் உடனே விட்டுவிட வேண்டும்.

சுக்கான் பிள்ளை கையில் இருக்கும்போது நீங்கள் அதைப் பிடுங்காதீர்கள். படகு கொஞ்சம் தடம் மாறும், பாய் படபடக்கும், அது தானே சரிசெய்துகொள்ளும். ஸ்கிப்பர் பக்கத்தில் இருக்கிறார். தூரத்தில் ஒரு மலை முனையைக் காட்டி அதை நோக்கிப் பிடி என்றால் போதும். பாயின் அடியைப் பிடித்திருக்கும் பூம் கட்டை திடீரென்று இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வீசும் ஆபத்தை மட்டும் முதலிலேயே காட்டிவிடுங்கள், தலையில் பட்டால் உயிருக்கே ஆபத்து. கயிற்றை இறுக்கும் உருளையான வின்ச்சைச் சுற்றும்போது நீளமான முடியைக் கட்டிக்கொள்ள வேண்டும். காற்று 20 நாட்டை நெருங்கினால் பாயைச் சுருக்க வேண்டும், யோசனை வந்த உடனேயே சுருக்கிவிடுவது நல்லது.

ஒரு நாள் சமையலும் பிள்ளைதான். பட்டியல் போடுவது, பொருள் வாங்குவது, சமைப்பது எல்லாம். பாத்திரம் கழுவுவது அன்றைக்கு உங்கள் வேலை.

பாதுகாப்பு

யாராவது தண்ணீரில் விழுந்தால் என்ன செய்வது என்று முதல் நாளே ஒத்திகை பார்க்க வேண்டும், ஒரு மெத்தையையோ மிதவையையோ போட்டுப் பயிற்சி செய்யுங்கள். பார்த்தவர் சத்தமாகக் கத்தி, விழுந்தவரைக் கையால் சுட்டிக்காட்டிக்கொண்டே இருக்க வேண்டும், கண்ணை எடுக்கக் கூடாது. இன்னொருவர் மிதவையை எறிவார். ஸ்கிப்பரே விழுந்துவிட்டால் என்ஜினைப் போடவும் பாயைச் சுருட்டவும் ரேடியோவில் சேனல் 16-இல் உதவி கேட்கவும் நீங்கள் இருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். விசார் என்ற தன்னார்வக் கடல் மீட்புக் குழு அங்கே இயங்குகிறது. படகின் பெயர், இருக்கும் இடம், எத்தனை பேர், என்ன பிரச்சினை என்ற வரிசையில் பேசுவதைப் பிள்ளையை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள், பொத்தானை அழுத்தாமல்தான்.

இந்தப் பயணங்களில் புயலைவிட நான் பயப்படுவது டிங்கிக்குத்தான். அதன் விசிறி காலையும் கையையும் கிழித்துவிடும். ஓட்டுகிறவர் என்ஜினை நிறுத்தும் கயிற்றை மணிக்கட்டில் மாட்டாமல் கிளம்பக் கூடாது. பிள்ளை தனியாக டிங்கி ஓட்ட வாடகை நிறுவனத்தின் காப்பீடு இடம் தருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், அனுமதி இருந்தாலும் முதல் சில நாள் நீங்கள் கூட உட்காருங்கள். பொழுது சாய்ந்த பிறகு படகுகளுக்கு நடுவில் நீந்த வேண்டாம், விளக்கில்லாத டிங்கிகள் வேகமாக வரும். படகிலிருந்து குதிப்பதற்கு முன் ஆழம் பார்த்து, என்ஜின் நின்றிருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் குதிக்க வேண்டும்.

கரையில் மான்சினீல் என்ற மரம் உண்டு, சின்னப் பச்சை ஆப்பிள் மாதிரி காய்க்கும். காயும் பாலும் கடும் விஷம், மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினால்கூடத் தோல் வெந்துவிடும். முதல் கரையிலேயே ஸ்கிப்பரிடம் கேட்டு அடையாளம் பார்த்துக்கொள்ளுங்கள். பவளத்தின் மேல் நிற்கக் கூடாது, எதையும் எடுத்து வரவும் கூடாது, அனுமதிச் சீட்டு இல்லாமல் மீன் பிடிப்பதும் குற்றம். வெயிலுக்கு முழுக்கைச் சட்டை, தொப்பி, துத்தநாகக் களிம்பு. பவளத்தைக் கெடுக்கும் ரசாயனங்கள் உள்ள சன்ஸ்கிரீனை அமெரிக்க வர்ஜின் தீவுகளில் 2020 முதல் தடை செய்திருக்கிறார்கள், செயின்ட் தாமஸ் வழியாகப் போகிறவர்கள் அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

வாந்திக்கு: கிளம்புவதற்கு முன் மெக்லிசின் போன்ற மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், தலை சுற்றத் தொடங்கிய பிறகு போட்டால் பெரிதாகப் பலன் இருக்காது. உள்ளே போய்ப் படுக்காமல் மேலே உட்கார்ந்து அடிவானத்தைப் பார்க்க வேண்டும். சுக்கானைக் கையில் கொடுத்தால் பலருக்குச் சரியாகிவிடும், போன் பார்த்தால் கூடும். இஞ்சி மிட்டாய் பையில் இருக்கட்டும்.

சாப்பாடு, தண்ணீர், கழிவறை, போன்

ரோட் டவுனில் நல்ல பல்பொருள் அங்காடிகள் உண்டு, படகுக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். எல்லாம் கப்பலில் வருவதால் விலை கூடுதல். அரிசியும் பருப்பும் அங்கே கிடைக்கும், பொடி, ஊறுகாய், புளிக்காய்ச்சல் வீட்டிலிருந்து எடுத்துப் போங்கள். குக்கர் சின்னதாக ஒன்று கொண்டுபோனால் கேஸ் மிச்சம், சமையலறை வெக்கையும் குறையும். ஓடும்போது சமைக்காதீர்கள், தயிர்சாதமோ சாண்ட்விச்சோ காலையிலேயே கட்டிவிடுங்கள். கரையில் ரொட்டி என்று கேட்டால் உள்ளே கறியோ கடலையோ கிழங்கோ வைத்து மடித்த பெரிய ரொட்டி கிடைக்கும், டிரினிடாட், கயானா வழி வந்தது, நம் நாக்குக்கு ஒத்துவரும். பெரிய பவளத்திட்டு மீன்களில் சிகுவாடெரா நஞ்சு இருக்கலாம், சமைத்தாலும் போகாது. உள்ளூர்க்காரர்கள் நல்லது என்று சொல்கிற மீனை மட்டும் சாப்பிடுங்கள்.

தொட்டித் தண்ணீர் அளவுதான். கடலில் குளித்துவிட்டு, பின்பக்கக் குழாயில் ஒரு நிமிடம் உப்பைக் கழுவினால் போதும். கழிவறையில் காகிதம் போடவே கூடாது, அடைத்துக்கொண்டால் அந்த நாளே பாழ். இதைப் பிள்ளையிடம் நாசூக்காக இல்லாமல் நேராகவே சொல்லிவிடுங்கள்.

போனைப் பிடுங்கி வைப்பதால் பயனில்லை. எந்த விரிகுடாவில் சிக்னல் வரும் என்று பாருங்கள், சாயங்காலம் நின்ற பிறகு பிள்ளையின் நேரம் பிள்ளையுடையது, ஓடும்போது எல்லோருடைய போனும் கீழே, உங்களுடையதும். பெற்றோர் அலுவலக மின்னஞ்சல் பார்த்துக்கொண்டே பிள்ளைக்கு விதி சொன்னால் அது எடுபடாது.

பணமும் கடைசி நாளும்

படகு வாடகை மட்டும்தான் செலவு என்று நினைக்காதீர்கள். சேதக் காப்பீடு, ஸ்கிப்பர், அவருக்கு 15 முதல் 20 சதவீதம்வரை கேட்கப்படும் வெகுமதி, எரிபொருள், இரவுக்குச் சுமார் 40 முதல் 60 டாலர்வரை மிதவைக் கட்டணம், பூங்காக் கட்டணம், கடற்பயண அனுமதி, நாட்டைவிட்டுப் போகும்போது வரி என்று எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதித் தரும்படி நிறுவனத்திடம் கேளுங்கள். வெகுமதிச் சதவீதம் முழு வாடகையின் மேலா, ஸ்கிப்பர் கூலியின் மேலா என்பதையும் கேட்டுவிடுங்கள், ஆளுக்கு ஆள் வேறு சொல்வார்கள். அந்தத் தாளைப் பிள்ளைக்கும் காட்டுங்கள், செலவு தெரிந்தால் திட்டத்தில் அதன் அக்கறை கூடும்.

கடைசி இரவு ரோட் டவுனுக்கு ஒரு மணி, ஒன்றரை மணி தூரத்துக்குள் நில்லுங்கள், பீட்டர் தீவோ கூப்பர் தீவோ சரியாக இருக்கும். காலையில் டீசல் நிரப்பி, முற்பகலுக்குள் படகை ஒப்படைக்க வேண்டும். அன்றே விமானம் வைக்காதீர்கள். செயின்ட் தாமஸுக்குக் கடைசி ஃபெர்ரி மாலையோடு முடிந்துவிடும், குடிவரவு வரிசையும் நீளம். கரையில் ஒரு இரவு அறை எடுங்கள், உப்புத் துணிகளைத் துவைத்துக் காயப்போடுங்கள், மறுநாள் காலை கிளம்புங்கள்.